திரையரங்கா, வீட்டுத் திரையா? கோலாலம்பூர், பினாங்கு தமிழ் ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் தமிழ்ப் படம் பார்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கணக்குகளை எளிமைக்காக முழு எண்ணில் போட்டிருக்கிறோம். டிக்கெட் விலை அரங்குக்கு அரங்கு, கிழமைக்குக் கிழமை மாறும்.

திரையரங்குகள் மூடப்படுகின்றன என்பது உண்மையா, வெறும் பேச்சா?

பாதி உண்மை. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும் நாடு முழுக்க அரங்குகள் இருண்டன. அடுத்த ஆண்டு வரை திறப்பதும் மூடுவதுமாகவே காலம் போனது. நாட்டின் பெரிய திரையரங்கு நிறுவனங்களில் ஒன்றான எம்பிஓ 2020 அக்டோபரில் கலைக்கப்படும் நிலைக்கு வந்தது. 2021-இல் அதன் அரங்குகள் பலவற்றை இன்னொரு பெரிய அரங்கு நிறுவனமான ஜிஎஸ்சி வாங்கிப் பெயர்ப்பலகையை மாற்றித் திறந்தது. ஆக, சில இடங்கள் போய்விட்டன, சில கைமாறின.

ஆனால் பெரிய நாயகனின் படம் வந்தால் இன்றைக்கும் முதல் நாள் நள்ளிரவுக் காட்சிக்கு டிக்கெட் கிடைப்பது குதிரைக் கொம்புதான். சரிந்திருப்பது செவ்வாய்க்கிழமை மாலைக் கூட்டம். நட்சத்திரம் இல்லாத குடும்பப் படத்துக்கும், நல்ல பெயர் வாங்கி மெல்ல மெல்ல ஏற வேண்டிய படத்துக்கும் வந்துகொண்டிருந்த கூட்டம் அது. அரங்கு நின்றாலும் அங்கே ஓடும் படங்களின் வகை சுருங்குகிறது. கவலைப்பட வேண்டியது இதைப் பற்றித்தான்.

எல்லாம் ஓடிடி, அதாவது இணையத்தில் படம் காட்டும் தளங்கள், வந்ததால்தானே?

வீட்டில் படம் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. வீடியோ கேசட்டும் விசிடியும் இங்கே தெருவுக்குத் தெரு கிடைத்தன. 1996-இல் ஆஸ்ட்ரோ வந்தது. 2011-இல் ஆஸ்ட்ரோ ஃபர்ஸ்ட் வந்து, 15 ரிங்கிட்டுக்குப் புதுப் படத்தை 48 மணி நேரம் வீட்டில் போட்டுப் பார்க்க வைத்தது. நெட்ஃபிலிக்ஸ் மலேசியாவுக்கு வந்தது 2016 ஜனவரியில். இத்தனைக்குப் பிறகும் புதுப் பேரங்காடி திறந்தால் மேல்மாடியில் திரையரங்கு நிச்சயம் இருந்தது.

உண்மையில் மாறியது இடைவெளி. அரங்கில் வந்த படம் வீட்டுக்கு வர முன்பு ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். 2020 ஜூலையில் யுனிவர்சல் நிறுவனமும் ஏஎம்சி அரங்குகளும் அமெரிக்காவில் அதை 17 நாளுக்குக் குறைத்து ஒப்பந்தம் போட்டன. தமிழில் 2020 மே 29-இல் ‘பொன்மகள் வந்தாள்’ அரங்கைத் தொடாமலே பிரைம் வீடியோவுக்குப் போனது. நவம்பரில் ‘சூரரைப் போற்று’ அதே வழியில் போனது. அரங்குகள் திறந்த பிறகு நான்கு வாரம் என்ற வழக்கம் நிலைத்துவிட்டது. ‘ஒரு மாசம்தானே, வீட்டிலேயே பார்த்துக்கலாம்’ என்று குடும்பத்தில் ஒருவர் சொன்னால் போதும், நான்கு டிக்கெட் போய்விடும்.

இன்னொரு காரணம் ஓடிடிக்கு முன்பே தொடங்கியது. பினாங்கின் குர்னி டிரைவில் குர்னி பிளாசாவில் ஜிஎஸ்சி இருக்கிறது. கொஞ்சம் நடந்தால் குர்னி பாரகனில் டிஜிவி. இரண்டிலும் ஏறக்குறைய ஒரே படங்கள். பேரங்காடிகள் கூடக் கூட, இருந்த கூட்டமே பங்கு பிரிந்தது. கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் முதலில் வலித்தது இப்படி நெருக்கமாக இருந்த அரங்குகளுக்குத்தான்.

ஒரு தமிழ்ப் படம் ஓடிடிக்கு எத்தனை நாளில் வரும்?

பெரும்பாலும் 28 நாள். இந்தியாவின் பெரிய மல்டிபிளெக்ஸ் நிறுவனங்கள் இந்திப் பதிப்புக்கு எட்டு வார இடைவெளி கேட்கின்றன. தமிழ்த் தயாரிப்பாளர்கள் பலர் நான்கு வாரத்துக்கே கையெழுத்துப் போடுவதால், சில பெரிய தமிழ்ப் படங்களின் இந்திப் பதிப்பு அந்த அரங்குகளில் வருவதே இல்லை. 2023-இல் ‘லியோ’ படத்துக்கு நடந்தது இதுதான். மலேசியாவில் ஓடும் நாட்களும் சென்னையில் போடும் அந்தக் கையெழுத்தைப் பொறுத்தே அமையும்.

படம் படுத்துவிட்டால் இடைவெளி இன்னும் சுருங்கலாம். எந்தத் தளத்துக்கு விற்றார்கள் என்பதைப் படத்தின் தொடக்கத்தில் வரும் நன்றி அட்டையிலேயே பெரும்பாலும் போட்டுவிடுவார்கள். ‘டிஜிட்டல் பார்ட்னர்’ என்ற பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்தில் தமிழ்ப் படத்தை மூன்றே நாளில் எடுத்துவிட்டார்களே, ஏன்? தமிழர்களை மதிக்கவில்லையா?

கோபம் நியாயமானது. ஆனால் காட்சி அட்டவணை போடுபவர் முன்னால் இருப்பது வெறும் கணக்கு. நாமும் போட்டுப் பார்ப்போம்.

டிக்கெட் 20 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். கேளிக்கை வரி இடத்துக்கு இடம் மாறுகிறது, சலுகைகளும் வந்து போகின்றன. நீண்ட காலம் வழக்கில் இருந்த 25 விழுக்காட்டையே எடுத்தால், 20 ரிங்கிட்டில் 4 ரிங்கிட் வரி, 16 ரிங்கிட் நிகர வசூல். அதில் விநியோகஸ்தருக்கும் அரங்குக்கும் பாதிப் பாதி என்றால் அரங்குக்கு 8 ரிங்கிட். பெரிய படம் என்றால் முதல் வாரத்தில் விநியோகஸ்தர் பங்கு இன்னும் கூடும். நாள் ஆக ஆக அரங்கின் பக்கம் சாயும். திங்கட்கிழமை மதியம் 12 பேர் வந்தால் அரங்குக்குக் கிடைப்பது 96 ரிங்கிட். அந்தக் காட்சிக்குக் குளிர்சாதனம், ஆட்கள், வாடகை, புரொஜெக்டர் விளக்கு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். பாப்கார்ன் ஏன் அந்த விலை என்பதும் இங்கேயே புரிந்துவிடும். அதில் விநியோகஸ்தருக்குப் பங்கு கிடையாது.

அடுத்தது நீளம். தமிழ்ப் படம் சராசரியாக இரண்டே முக்கால் மணி நேரம் என்று வையுங்கள். விளம்பரம், துப்புரவு சேர்த்தால் ஒரு காட்சிக்கு மூன்றேகால் மணி நேரம் போகும். காலை 10 முதல் நள்ளிரவு 1 வரை ஒரு திரையில் நான்கு காட்சி போடலாம், இழுத்துப் பிடித்தால் ஐந்து. ஒன்றே முக்கால் மணி நேர ஆங்கிலப் படமோ மலாய்ப் படமோ என்றால் ஆறு. ஆக, சம கூட்டம் வந்தாலும் தமிழ்ப் படம் அரங்குக்கு ஒரு காட்சியோ இரண்டோ இழப்பு. ‘இடைவேளை’ என்ற அட்டை திரையில் வந்ததும் படம் நிற்காமல் ஓடுவதும் இதே நெருக்கடியால்தான். இயக்குநர் அந்த இடத்தில் நம்மைத் தேநீர் குடிக்க அனுப்ப நினைத்திருப்பார். இங்கே அந்த அட்டை இரண்டு விநாடி மின்னி மறைகிறது.

மூன்றாவது, முடிவு எடுக்கும் நாள். மலேசியாவில் புதுப் படங்கள் வியாழக்கிழமை வருகின்றன. ஞாயிறு இரவுக் கணக்கைப் பார்த்து, வாரத் தொடக்கத்திலேயே அடுத்த வியாழனுக்கான காட்சிகளைப் பிரித்துவிடுவார்கள். தமிழ்ப் படம் வெள்ளிக்கிழமை வந்தால் கணக்கில் ஒரு நாள் ஏற்கெனவே குறைகிறது. முதல் வார இறுதியில் மாலைக் காட்சிகள் பாதியாவது நிறையாவிட்டால், அடுத்த வாரம் பகல் 11 மணிக்கு ஒன்றும் நள்ளிரவு 12-க்கு ஒன்றும்தான் மிஞ்சும். வேலைக்குப் போகிறவர் அந்த நேரத்தில் வர முடியாது. ‘கூட்டமே இல்லை’ என்று அதையும் எடுத்துவிடுவார்கள்.

பிடித்த படம் நிலைக்க வேண்டும் என்றால் என்ன செய்யலாம்?

வியாழன் முதல் ஞாயிறுக்குள் போங்கள். முன்கூட்டியே இணையத்தில் வாங்குங்கள், ஏனென்றால் முன்பதிவு எண்ணிக்கையைப் பார்த்தும் காட்சிகளைக் கூட்டுவார்கள். ‘கூட்டம் அடங்கட்டும், அடுத்த வாரம் போகலாம்’ என்பது பெரிய நாயகன் படத்துக்குச் சரி. சின்னப் படத்துக்கு அடுத்த வாரம் என்பதே இருக்காது.

மலேசியத் தமிழ்ப் படங்களுக்கும் இதே கதிதானா?

அவற்றுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான ஃபினாஸ் நடத்தும் ‘வாஜிப் தாயாங்’ (கட்டாயத் திரையிடல்) திட்டத்தின்கீழ் தகுதி பெற்ற உள்ளூர்ப் படத்தை அரங்குகள் 14 நாள் திரையிட வேண்டும். ஆனால் இரண்டு வாரம் உறுதி என்பது, உகந்த நேரம் உறுதி என்று ஆகாது. நீங்கள் படம் எடுப்பவர் என்றால், வெளியீட்டுத் தேதியைத் தேர்ந்தெடுக்கும்போது தீபாவளி, பொங்கலுக்கு வரும் சென்னைப் படங்களிலிருந்து குறைந்தது இரண்டு வாரம் தள்ளி நில்லுங்கள். அந்த இரண்டு வாரத்தை வாய்வழிப் பேச்சுக்கு விடாதீர்கள். தேதி தெரிந்த நாளிலிருந்தே கிள்ளான், செந்தூல், பிறை என்று ஊர் ஊராக டிக்கெட் விற்கத் தொடங்குங்கள்.

முதல் காட்சி சில சமயம் தாமதமாகிறது, ரத்துகூட ஆகிறது. யார் தவறு?

அரங்கில் இருப்பவர் தவறாக இருப்பது அரிது. படம் இப்போது ஃபிலிம் பெட்டியில் வருவதில்லை. டிசிபி என்னும் டிஜிட்டல் தொகுப்பாக வன்தட்டிலோ இணையம் வழியாகவோ வருகிறது. அளவு 100 முதல் 300 ஜிபி வரை. அது பூட்டிய பெட்டி. திறக்க கேடிஎம் என்ற மின்சாவி தனியாக வர வேண்டும். அந்தச் சாவி குறிப்பிட்ட ஓர் அரங்கின் குறிப்பிட்ட சர்வருக்கு மட்டும், இந்தத் தேதி இந்த மணியிலிருந்து இந்தத் தேதி வரை என்று எழுதப்பட்டிருக்கும்.

எங்கே இடிக்கும்? தயாரிப்பாளர் கடன் கொடுத்தவர்களுக்கும் ஆய்வகத்துக்கும் பாக்கி தீர்க்கும் வரை, சில சமயம் கடைசி இரவு வரை, சாவி வெளியே வராது. இது சென்னையில் பழகிப்போன கதை. அரங்கில் சர்வரை மாற்றி, புது சர்வரின் டிஜிட்டல் சான்றிதழை அனுப்ப மறந்திருந்தால் சாவி பொருந்தாது. கடைசி நேரத்தில் பத்து நிமிடத்தை வெட்டிப் புதுப் பதிப்பு அனுப்பினால் அதற்கு வேறு சாவி வேண்டும். இங்கே தணிக்கைச் சான்றிதழும் கைக்கு வந்திருக்க வேண்டும். ஆகவே நள்ளிரவு முதல் காட்சிக்கு டிக்கெட் வாங்கினால், பணம் திருப்பித் தரும் முறையைப் படித்துவிட்டு வாங்குங்கள். இணையத்தில் எடுத்த டிக்கெட்டுக்குப் பதிவுக் கட்டணம் திரும்புமா என்பதையும் பாருங்கள்.

காசு கொடுத்துப் போனால் படம் மங்கலாக இருக்கிறது. வீட்டு டிவியே பளிச்சென்று இருக்கிறதே?

திரையின் வெளிச்சத்துக்குத் திரையரங்குத் தரம் 14 ஃபுட்-லாம்பர்ட், டிவிக்குச் சொல்லும் அளவில் ஏறத்தாழ 48 நிட். டிவி இதைப்போலப் பல மடங்கு தரும். ஆனால் முழு இருட்டில் கண்ணுக்கு 48 நிட் நிறைவாகவே இருக்கும். அதுவும் வராமல் போவதுதான் பிரச்சினை. காரணங்கள் பெரும்பாலும் இவை:

பழைய செனான் விளக்கு. வாட்டைப் பொறுத்து 500 முதல் 2,000 மணி நேரம் வரைதான் ஒழுங்காக எரியும். வயதாக ஆக மங்கும், ஓரங்கள் முதலில் இருளும். லேசர் புரொஜெக்டர் 20,000 மணி நேரம் தாண்டும். அரங்கு ‘லேசர்’ என்று விளம்பரம் செய்தால் அந்த ஹாலைத் தேர்வது நல்லது.

கழற்றாத 3டி லென்ஸ். சில பழைய 4கே மாடல்களில் 3டி படம் முடிந்ததும் லென்ஸை மாற்றாமல் விட்டுவிடுவார்கள். பின்னால் திரும்பிப் புரொஜெக்டர் சன்னலைப் பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஒளிக்கற்றை வந்தால் அதுதான்.

வெள்ளித் திரை. 3டிக்காகப் போடும் இந்தத் திரை நடுவில் பளிச்சென்றும் பக்கவாட்டில் மங்கியும் தெரியும். ஓர இருக்கையைத் தவிர்க்க இதுவும் ஒரு காரணம். தூசி படிந்த சன்னல் கண்ணாடியையும் மறக்க வேண்டாம். துடைக்க ஐந்து நிமிடம் போதும், ஆனால் துடைக்க யாராவது இருக்க வேண்டும்.

சொல்வதென்றால் முதல் பதினைந்து நிமிடத்துக்குள் வெளியே போய்ச் சொல்லுங்கள். ‘படம் நல்லா இல்லை’ என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. ‘5-ஆம் ஹால், வெள்ளைச் சட்டை சாம்பலாகத் தெரிகிறது, இடது மூலை இருட்டு’ என்று சொல்லுங்கள். பாதிப் படம் பார்த்த பிறகு பணம் கேட்டால் வாதாட இடமே இருக்காது. ஆதாரத்துக்காகத் திரையைக் கைப்பேசியில் எடுக்க மட்டும் போகாதீர்கள். அரங்கில் படம் பிடிப்பது பதிப்புரிமைச் சட்டம் 43ஏ பிரிவின்கீழ் குற்றம். அபராதம் 10,000 முதல் 100,000 ரிங்கிட், அல்லது ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

எந்த இருக்கை நல்லது?

திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரம், நடுவில். ஒலியை அளந்து சரிசெய்யும் மைக்கை அந்தப் பகுதியில்தான் வைப்பார்கள். கடைசி வரிசையில் பின்சுவர் ஸ்பீக்கர் காதருகே கத்தும், வசனம் அமுங்கும்.

அரங்கில் பாட்டு காதைப் பிளக்கிறது, வீட்டில் வசனம் கேட்பதில்லை. ஏன்?

அரங்கின் ஒலி அளவுகோலில் 7 என்பதுதான் கலவை செய்தவர் கேட்ட அளவு. விளம்பரச் சத்தம் அதிகம் என்று யாராவது புகார் செய்தால் 5-க்குக் குறைத்துவிட்டு, படம் தொடங்கும்போது ஏற்ற மறந்துவிடுவார்கள். இரண்டு எண் குறைந்தால் ஏறத்தாழ 6 முதல் 7 டெசிபல் போய்விடும். முணுமுணுப்பு வசனம் காணாமல் போகும். மாறாக, தமிழ்ப் படங்கள் பலவற்றின் கலவையே சத்தம் கூடியது. அதற்கு அரங்கு பொறுப்பல்ல.

வீட்டில் நடப்பது வேறு. டிவியில் இரண்டே ஸ்பீக்கர் இருக்க, ஓடிடியில் ஆறு ஸ்பீக்கருக்கான ‘தமிழ் 5.1’ தடத்தைத் தேர்ந்திருப்பீர்கள். நடு ஸ்பீக்கருக்குப் போக வேண்டிய வசனம் இரண்டாகப் பிரிந்து இசைக்கடியில் புதைகிறது. தளத்தில் சாதாரணத் தமிழ் ஸ்டீரியோ தடம் இருந்தால் அதை எடுங்கள். நடு ஸ்பீக்கர் உள்ள 3.1 சவுண்ட்பார் வாங்கினால் வித்தியாசம் உடனே தெரியும். வசனத்துக்காக மட்டும் என்றால் 7.1 தேவையே இல்லை. டிவியின் ‘ஏஆர்சி’ அல்லது ‘இஏஆர்சி’ என்று எழுதிய ஹெச்டிஎம்ஐ துளையில்தான் அதைச் செருக வேண்டும். வேறு துளையில் செருகிவிட்டுச் சத்தம் வரவில்லை என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறவர்கள் நிறைய.

வீட்டில் ஒழுங்காகப் பார்க்க என்னென்ன சரிசெய்ய வேண்டும்?

முதலில் தூரம். திரையின் மூலைவிட்ட நீளத்தை 1.6-ஆல் பெருக்குங்கள். 55 அங்குல டிவிக்கு 2.2 மீட்டர், 65-க்கு ஏறத்தாழ 2.6 மீட்டர், 75-க்கு 3 மீட்டர். தரைவீட்டுக் கூடத்தில் சோபா பெரும்பாலும் 3 மீட்டர் தள்ளி இருக்கும். அங்கே 55 அங்குலம் வாங்கிவிட்டு, ‘4கே வித்தியாசமே தெரியலையே’ என்றால் தெரியாதுதான். புது டிவி வாங்கும்முன் சோபாவை முன்னால் இழுத்துப் பாருங்கள், அதற்குச் செலவில்லை.

பிறகு படப் பயன்முறை. கடையில் பளிச்சென்று காட்ட வைத்த ‘விவிட்’ முறையிலிருந்து ‘ஃபிலிம்மேக்கர்’ முறைக்கு மாற்றுங்கள். அது இல்லாத டிவியில் ‘சினிமா’ முறை. முதல் நாள் மஞ்சளாகத் தெரியும், பழகிவிடும். அசைவை மென்மையாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். படம் விநாடிக்கு 24 சட்டகம். டிவி இடையிடையே தானாகச் சட்டகம் செருகினால் நூறு கோடிப் படமும் தொலைக்காட்சித் தொடர்போல ஆகிவிடும். அந்த வசதிக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு பெயர் வைத்திருப்பதால், அமைப்பில் ‘மோஷன்’ என்ற சொல் வரும் இடத்தைத் தேடுங்கள்.

மூன்றாவது இணையம். நெட்ஃபிலிக்ஸ் 4கே-க்கு 15 எம்பிபிஎஸ், முழு ஹெச்டிக்கு 5 எம்பிபிஎஸ் கேட்கிறது. யூனிஃபை, டைம் போன்ற ஃபைபர் இணைப்பு எதுவும் இதைத் தாண்டும். தடை வருவது வீட்டுக்குள்ளே. ரூட்டர் வாசலில், டிவி இரண்டு கான்கிரீட் சுவருக்கு அப்பால். டிவியிலேயே ஃபாஸ்ட்.காம் திறந்து அளந்து பாருங்கள். கைப்பேசியில் வரும் எண்ணை நம்ப வேண்டாம். குறைந்தால் லேன் கம்பி இழுங்கள். பல டிவிகளில் லேன் துளை 100 எம்பிபிஎஸ்தான், அதுவே தாராளம். கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் பார்ப்பவர்கள் கணக்கில் வைக்க வேண்டியது: ஹெச்டியில் மணிக்கு 3 ஜிபி வரை, 4கே-யில் 7 ஜிபி வரை தரவு போகும்.

இவ்வளவு செய்தாலும் ஓர் உண்மை. அரங்கு டிசிபி விநாடிக்கு 250 மெகாபிட் வரை செலவழிக்கிறது. ஓடிடி 4கே அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இருட்டுக் காட்சி, புகை, மழை வரும்போது கட்டம் கட்டமாக உடைவது அதனால்தான். டிவியைக் குறை சொல்லிப் பயனில்லை.

அரங்கில் வெட்டப்பட்ட காட்சி ஓடிடியில் இருக்கிறதே?

அரங்குப் படம் உள்துறை அமைச்சின் திரைப்படத் தணிக்கை வாரியத்தின்கீழ், 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி வருகிறது. ஓடிடி அதன் கீழ் வராது. ஆகவே வன்முறைப் படங்களில் அரங்குப் பதிப்பு சில நிமிடம் குறைந்திருக்கலாம். பிள்ளைகளோடு போகிறவர்கள் கவனிக்க: இந்தியாவில் ‘யூ/ஏ’ என்றால் இங்கேயும் அப்படியே என்று நினைக்காதீர்கள். இங்கே யூ, பி12, 13, 16, 18 என்று தனி வகைப்பாடு. 18 போட்ட படத்துக்குக் கைக்குழந்தையோடு போனாலும் வாசலிலேயே நிறுத்துவார்கள்.

இந்தியாவில் ஓடிடிக்கு வந்த படம் இங்கே ஏன் இல்லை?

உரிமையை நாடு நாடாகப் பிரித்து விற்கிறார்கள். இந்தியாவுக்கு ஒரு தளம், வெளிநாட்டுக்கு வேறு தளம். தேடும் வரிசை இப்படி இருக்கட்டும்: நெட்ஃபிலிக்ஸ், பிரைம் வீடியோ, டிஸ்னி பிளஸ், சன் நெக்ஸ்ட், பிறகு வெளிநாட்டுத் தமிழர்களுக்காகவே நடக்கும் சிம்ப்ளி சவுத், டென்ட்கொட்டா. எல்லாவற்றுக்கும் மாதம் மாதம் பணம் கட்டாதீர்கள். படம் வரும் மாதத்துக்கு மட்டும் எடுத்து, அன்றைக்கே தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிடுங்கள். கட்டிய மாதம் முடியும் வரை பார்க்கலாம். விலையோடு 8 விழுக்காடு சேவை வரியும் சேரும்.

ஆண்ட்ராய்டு பெட்டியில் எல்லாப் படமும் இலவசம் என்கிறார்கள். வாங்கலாமா?

பெட்டி குற்றமல்ல, உள்ளே ஏற்றித் தரும் திருட்டுச் செயலிதான் குற்றம். 2022 மார்ச் 18 முதல் நடப்பில் உள்ள பதிப்புரிமைச் சட்டத்தின் 43ஏஏ பிரிவின்படி, திருட்டு ஒளிபரப்புக்கான கருவியையோ செயலியையோ விற்பவருக்கும் விநியோகிப்பவருக்கும் 10,000 முதல் 200,000 ரிங்கிட் அபராதம், அல்லது 20 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். உறவினருக்கு ‘நான் வாங்கித் தர்றேன்’ என்று பத்துப் பெட்டி வாங்கி விற்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். இன்னொன்று, சான்று பெறாத மலிவுப் பெட்டியில் நீங்கள் காசு கட்டி வைத்திருக்கும் நெட்ஃபிலிக்ஸும் 480பி என்ற குறைந்த தரத்துக்கு மேல் போகாது.

கோயில் மண்டபத்திலோ சங்கத்திலோ பெரிய திரை கட்டி ஓடிடியில் படம் போடலாமா?

கூடாது. நுழைவு இலவசமாக இருந்தாலும் கூடாது. சந்தா தனிப்பட்ட வீட்டுப் பயன்பாட்டுக்கு மட்டும். பொதுத் திரையிடலுக்கு விநியோகஸ்தரின் எழுத்துபூர்வ அனுமதியும், தணிக்கை வாரியம் அனுமதித்த பதிப்பும் தேவை. லோட்டஸ் பைவ் ஸ்டார், மாலிக் ஸ்ட்ரீம்ஸ் போன்ற இங்குள்ள தமிழ்ப் பட விநியோகஸ்தர்களிடம் கேட்டால், சில வருடம் பழைய படத்துக்குக் கட்டணம் பேசி முடிக்கலாம். நேரடியாகக் கேட்டுப் பார்க்காமலே ‘கிடைக்காது’ என்று முடிவுகட்டுகிறவர்களே அதிகம்.

பழைய தனித் திரையரங்குகள் என்ன ஆயின?

கோலாலம்பூர் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில், அதாவது அந்தக் காலப் பத்து ரோட்டில், கொலிசியம் திரையரங்கு 1920களின் தொடக்கத்திலிருந்து நிற்கிறது. தலைமுறை தலைமுறையாகத் தமிழ், இந்திப் படங்களின் வீடு அது. 2000களில் அரசு அதை எடுத்து மரபு மையமாக்க முனைந்தபோது எதிர்ப்பு கிளம்பியது. ஜாலான் சுல்தானில் 1947-இல் வந்த ரெக்ஸ், 2002-இல் படம் காட்டுவதை நிறுத்தி, இப்போது ரெக்ஸ்கேஎல் என்ற கலை வளாகமாக இருக்கிறது. ஆயிரம் பேர் உட்காரும் ஒற்றைத் திரைக்கு ஓடிடி வருவதற்கு வெகு முன்பே பத்துத் திரைப் பேரங்காடி முடிவு கட்டிவிட்டது.

ஒரு ஹாலை முழுதாக எடுத்துக் குறும்படமோ திருமணப் படமோ போட முடியுமா?

முடியும். காலியான ஹாலைவிட வாடகை வருகிற ஹால் அரங்குக்கு லாபம் என்பதால் இப்போது இதை விரும்பியே செய்கிறார்கள். வார நாளில், மாலை ஆறுக்கு முன் கேட்டால் விலை இறங்கும். மூன்று வாரத்துக்கு முன்பே நிறுவனத்தின் தனித் திரையிடல் பிரிவுக்கு எழுதுங்கள். பொதுமக்களை அழைக்கும் குறும்படம் என்றால் தணிக்கை அனுமதியையும் அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கோப்பை டிசிபி-ஆக மாற்ற டிசிபி-ஓ-மேட்டிக் என்ற இலவச மென்பொருள் போதும். 2கே ஃப்ளாட், அதாவது 1998க்கு 1080 பிக்சல், விநாடிக்கு 24 சட்டகம், பூட்டு வேண்டாம். கேமராவில் 25 சட்டகத்தில் எடுத்திருந்தால் 24-க்கு மாற்றும்போது படம் கொஞ்சம் நீளும், ஒலியையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உதடும் வசனமும் பிரியும். ஸ்டீரியோ ஒலியை அப்படியே விட்டால் வசனம் இடது, வலது ஸ்பீக்கர்களில் மட்டும் வந்து நடு ஸ்பீக்கர் ஊமையாக இருக்கும். வசனத் தடத்தை நடுவுக்குத் திருப்பிவிடுங்கள். பெரும்பாலோர் தடுக்கி விழுவது வன்தட்டில். எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்ததை அரங்கு சர்வர் பெரும்பாலும் படிக்காது, எக்ஸ்ட்3 வேண்டும். சர்வருக்குள் ஏற்றவே ஒரு மணி நேரம் ஆகலாம் என்பதால், நிகழ்ச்சி நாளன்று காலையில் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். முந்தின நாள் கடைசிக் காட்சி முடிந்ததும் பத்து நிமிடம் ஓட்டிக் காட்டச் சொல்லி, ஒலி அளவு எண்ணைக் குறித்துக் கொடுத்துவிட்டு வாருங்கள்.